பாக்கி எவ்வளவு?

 

 

இந்த வாரம் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். புதிய சொல் எதுவும் இல்லை. இன்று காலையிலிருந்து நீங்கள் குறைந்தது இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பீர்கள். உக்கடம் மீன் மார்க்கெட்டில் சொல்கிறார்கள், ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடையில் சொல்கிறார்கள், பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் சொல்கிறார்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சாயங்காலம் கட்டாயம் சொல்கிறார்கள். பாக்கி.

நம் கோவையின் ஒரு ஸஃபை நினைத்துப் பாருங்கள். தமிழ் பேசும் ராவுத்தர் ஒருவர், வீட்டில் உருது பேசும் பாய் ஒருவர், பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து பேக்கரி நடத்தும் மலையாளி ஒருவர் என்று தோளோடு தோள் நிற்கிறோம். பள்ளிக்கு வெளியே வந்தால் கடைவீதியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் அண்ணன்மார்கள். இத்தனை பேருக்கும் இந்தச் சொல் சொந்தம். ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் அதன் நிறம் கொஞ்சம் மாறுகிறது. மலையாளி கடையில் ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு “பாக்கி” என்றால் சில்லறையைத் திருப்பிக் கேட்கிறார் என்று பொருள். தெலுங்கில் பாக்கி என்றால் கடனே தான். கன்னடத்தில் கட்டாமல் நிற்கும் வரி, தராமல் நிற்கும் தொகை. உருதுக்காரர் “பாக்கி சப் டீக் ஹை” என்றால் மற்றபடி எல்லாம் நலம் என்கிறார். மலேசியாவுக்குப் போய்வந்த நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே கடை ரசீதிலேயே “பாகி” என்று அச்சடித்திருக்கும், மீதிப் பணம் என்று. அதே சொல்லை இந்தோனேசியாவில் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். அங்கே பாகி என்றால் தட்டு. சுதந்திர தினத்தன்று கொடியை ஒரு தட்டில் ஏந்தி வரும் பெண்ணுக்கு “பாகி ஏந்துபவர்” என்றே பெயர். அந்தப் பாகி டச்சுக்காரர்கள் விட்டுச் சென்றது. நம் பாக்கிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

நம் பாக்கி அரபியிலிருந்து வந்தது. பா, காஃப், யா என்ற மூன்று எழுத்து வேர். நிலைத்திருத்தல், எஞ்சியிருத்தல், அழியாமலிருத்தல் என்பது அதன் கருத்து. அரபியிலிருந்து பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரசாங்கக் கணக்கேடுகளில் ஏறி, நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. 1799 வரை இந்தக் கொங்குச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து வருவாய்க் கணக்கில் புழங்கிய சொற்களைப் பிறகு வந்த கம்பெனிக்காரனும் மாற்றவில்லை. தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, ஜப்தி எல்லாம் இன்னும் நம் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் கடைப் பேரேட்டைத் திறந்து பாருங்கள். அசல் என்று எழுதுகிறீர்கள். அது அரபியில் வேர். வசூல் என்று எழுதுகிறீர்கள். அது அரபியில் வந்து சேர்தல். பைசல் என்று எழுதுகிறீர்கள், அது தீர்ப்பு. அப்புறம் பாக்கி. அரபி மதரஸா பக்கமே போகாத கவுண்டர் அண்ணனும் செட்டியார் அண்ணனும் நாள் முழுக்க இத்தனை அரபிச் சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தையும் இடையில் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதும்போது ஒரே மாதிரி வந்துவிடும் வேறு சொற்கள் உண்டு. அடிநாக்கிலிருந்து வரும், இரண்டு புள்ளி வைத்த காஃபில் எழுதினால் நிலைத்திருப்பவன். புள்ளியில்லாத மெல்லிய காஃபில் எழுதினால் “பாகீ” என்பதற்கு அழுபவன் என்று அர்த்தம். தபூக் போருக்குப் புறப்பட வாகனம் கேட்டு வந்து, நபி (ஸல்) அவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லாததால், செலவு செய்யத் தங்களிடமும் ஒன்றுமில்லையே என்று கண்ணீரோடு திரும்பிய ஏழை ஸஹாபிகளை வரலாறு “அழுதவர்கள்” என்றே அழைக்கிறது. தவ்பா சூராவின் 92ஆவது வசனம் அவர்களைப் பற்றியது. மதீனாவில் நீங்கள் ஜியாரத் செய்த ஜன்னத்துல் பகீஃ இந்த இரண்டுமே அல்ல. அதன் கடைசி எழுத்து அய்ன். பல வகை மரங்களின் வேர்களும் அடிக்கட்டைகளும் கிடக்கும் நிலத்துக்கு அரபியில் பகீஃ என்று பெயர். ஃகர்கத் என்ற முட்செடி நிறைந்திருந்ததால் பகீவுல் ஃகர்கத் என்றார்கள். இங்கே தமிழில் இருக்கிறதே “பாக்கியம்”, அது சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. பங்கு, கொடுப்பினை என்ற வேர். பாக்கியிலிருந்து பாக்கியம் வந்தது என்று மேடையில் யாராவது அழகாகச் சொன்னால் ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

நிலைத்திருப்பவன், அழுபவன், அடக்கஸ்தலம். மூன்றும் வேறு வேறு சொல்தான். ஆனால் நாம் இன்று பேசப்போகும் விஷயத்தில் மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

சகோதரர்களே! நமக்கு “பாக்கி” என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? வர வேண்டிய பணம். நமக்கு யார் தர வேண்டும் என்பது விரல் நுனியில் இருக்கும். ஈரோட்டுக்காரர் இவ்வளவு, கரூர்க்காரர் இவ்வளவு. நாம் தர வேண்டிய பாக்கி அப்படி ஞாபகம் வருவதில்லை. அது “பார்த்துக்கலாம்” கணக்கில் போய்விடும்.

குர்ஆனில் இந்தச் சொல் கடைவீதிக் கணக்கில் வரும் இடம் ஒன்று இருக்கிறது. பகரா சூராவின் 278ஆவது வசனம். ஈமான் கொண்டவர்கள் அல்லாஹ்வை அஞ்சி, வட்டியில் “பாக்கி” நிற்பதை விட்டுவிட வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். இதே வேர்ச்சொல்தான் அங்கே இருக்கிறது. நேற்று வரை வாங்கியது போகட்டும், இன்னும் வர வேண்டிய வட்டி பாக்கியைக் கையால் தொடக் கூடாது. மறுவசனத்தில் அதை விடாதவர்களோடு அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவிக்கிறார்கள். ஹஜ்ஜத்துல் வதாவில் அரஃபா மைதானத்தில் நின்று நபி (ஸல்) அவர்கள் ஜாஹிலிய்யா கால வட்டியை எல்லாம் ரத்து செய்தபோது முதலில் யாருடைய பாக்கியை ரத்து செய்தார்கள்? தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வர வேண்டிய வட்டியை. ஊரைத் திருத்த வந்தவர்கள் தம் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். கந்து வட்டியை நாம் மேடையில் திட்டுகிறோம். நம் சொந்தக்காரர் ஒருவர் அதைச் செய்தால் கல்யாணத்தில் முதல் வரிசை கொடுக்கிறோம்.

இரண்டாவது இடம் ஹூத் சூரா, 86ஆவது வசனம். மத்யன் வாசிகள் யார்? வியாபாரிகள். அளவையில் குறைத்தவர்கள், எடையில் குறைத்தவர்கள். அவர்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள் அளவையையும் எடையையும் நிறைவாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, “பகிய்யத்துல்லாஹ்” உங்களுக்கு மேலானது என்றார்கள். அல்லாஹ் விட்டுவைக்கும் பாக்கி. மக்களுக்குச் சேர வேண்டியதை முழுசாகக் கொடுத்த பிறகு உன் கையில் எது மிஞ்சுகிறதோ, அந்தச் சிறிய ஹலாலான லாபம்தான் அது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கல்லாவில் இருக்கும் பணம் இருப்புமல்ல, லாபமுமல்ல. வியாபாரத்தில் ஊறிய நம் ஊருக்கு இந்த ஒரு வசனம் போதாதா?

இப்போது ஜனாஸாவுக்கு வருவோம்.

நம் பள்ளிகளில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மய்யித்தின் மகனோ அண்ணன் தம்பியோ முன்னால் வந்து நிற்பார். குரல் நடுங்கும். எங்கள் அத்தாவுக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் பாக்கி இருந்தால் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள், ஏதாவது மனக்கசப்பு இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்பார். ஜமாஅத்தில் “மன்னித்தோம்” என்று ஒரு முணுமுணுப்பு எழும். எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, தக்பீர் கட்டிவிடுகிறோம். அந்த அரை நிமிடத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. ஒரு ஸஹாபி இறந்துவிட்டார். குளிப்பாட்டி, கஃபனிட்டு, நறுமணம் பூசி நபி (ஸல்) அவர்களிடம் தொழவைக்கக் கொண்டுவந்தார்கள். சில எட்டு வைத்தவர்கள் நின்று, இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு தீனார் என்றார்கள். இரண்டே தீனார்! நபி (ஸல்) திரும்பிவிட்டார்கள். அபூ கதாதா (ரலி) அந்த இரண்டு தீனாருக்கு நான் பொறுப்பு என்றார்கள். கடன்காரருக்குச் சேர வேண்டியது உம்மேல், மய்யித்து அதிலிருந்து நீங்கியது, சரிதானே என்று உறுதி செய்துகொண்டு பிறகே தொழவைத்தார்கள். அதோடு முடியவில்லை. மறுநாள் அபூ கதாதாவைப் பார்த்து அந்த இரண்டு தீனார் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நேற்றுத்தானே அவர் இறந்தார் என்றார் அவர். அடுத்த நாளும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் என்றதும், இப்போதுதான் அவருடைய தோல் குளிர்ந்தது என்றார்கள்.

யோசியுங்கள். பொறுப்பேற்ற அன்றைக்கு அல்ல. பணம் கைமாறிய பிறகே குளிர்ந்தது. “நாங்க பாத்துக்கறோம்” என்று ஜனாஸாவில் சொல்லிவிட்டு நாற்பதாம் நாள் பிரியாணிக்கு ஆள் கூப்பிடும் குடும்பங்கள் இந்த ஹதீஸை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இங்கே ஒரு நியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அல்லாஹ் வெற்றிகளைக் கொடுத்து பைத்துல்மாலில் செல்வம் சேர்ந்த பிறகு, கடனோடு இறந்து அதைத் தீர்க்க எதுவும் விட்டுச் செல்லாதவரின் கடன் என் பொறுப்பு என்று நபி (ஸல்) அறிவித்துவிட்டார்கள். ஆக, வாழ வழியில்லாமல் கடன்பட்டவரை நோக்கி நான் பேசவில்லை. அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு பகரா சூராவின் 280ஆவது வசனம் இருக்கிறது: வசதி வரும் வரை அவகாசம் கொடுக்க வேண்டும், தர்மமாக விட்டுவிடுவது அதைவிட நல்லது. ஜமாஅத் நிதியும் ஜகாத்தும் அவருக்காகவே இருக்கின்றன. கடன்பட்டவர் ஜகாத் பெறும் எட்டு வகையாரில் ஒருவர். கையில் வைத்துக்கொண்டே இழுத்தடிப்பவரை நோக்கித்தான் நான் பேசுகிறேன். வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்று புகாரியில் வருகிறது.

அந்த ஜனாஸா அறிவிப்புக்கு ஒரு மூத்த வரலாறு உண்டு. ஸுபைர் பின் அவ்வாம் (ரலி). சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். மக்கள் அவரிடம் அமானிதமாகப் பணம் கொடுக்க வருவார்கள். அவர் வாங்க மாட்டார்; அமானிதமாக வேண்டாம், கடனாகக் கொடு, தொலைந்தாலும் நான் திருப்பித் தர வேண்டியவனாக இருப்பேன் என்பார். அப்படிச் சேர்ந்த கடன் 22 லட்சம். ஜமல் போர் நாளில், இன்று நான் அநியாயமாகக் கொல்லப்படுவேன் போலிருக்கிறது, என் பெரிய கவலை என் கடன்தான் என்று மகன் அப்துல்லாஹ்விடம் சொன்னார். சொத்தை விற்று அடை, முடியாமல் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றார். மகனுக்குப் புரியவில்லை. அத்தா, உங்கள் எஜமானன் யார்? அல்லாஹ் என்றார். பின்னாளில் அப்துல்லாஹ் சொல்வார்: அந்தக் கடனில் எங்கே சிக்கல் வந்தாலும், ஸுபைரின் எஜமானனே, அவருடைய கடனை நிறைவேற்று என்பேன், நிறைவேறிவிடும்.

நிலம், வீடுகளை விற்றுக் கடன் முழுவதையும் அடைத்தார் அப்துல்லாஹ். இன்னும் நிறைய மிஞ்சியது. வாரிசுகள் வந்து எங்கள் பங்கைப் பிரித்துக்கொடு என்றார்கள். இயல்பான கேள்விதான். அப்துல்லாஹ் மறுத்துவிட்டார். நான்கு வருடம், ஒவ்வொரு ஹஜ் காலத்திலும், ஸுபைரிடம் வர வேண்டியது யாருக்காவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். நான்கு வருடம்! யாரும் பாக்கி இல்லை என்று உறுதியான பிறகே பிரித்தார். நம் அரை நிமிட அறிவிப்பு இதன் நிழல்தான். ஸஹீஹுல் புகாரியில் விரிவாக இருக்கும் சம்பவம் இது. வீட்டில் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நிஸா சூராவில் பாகப்பிரிவினையைச் சொல்லும்போது அல்லாஹ் ஒவ்வொரு தடவையும் ஒரு நிபந்தனை வைக்கிறான்: வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகு. இந்த இரண்டில் கடன்தான் முந்தியது என்று நபி (ஸல்) தீர்ப்பளித்ததாக அலி (ரலி) கூறுகிறார்கள். கடனை அடைக்காமல் பிரித்துக்கொண்ட சொத்தில் வாரிசின் பங்கு எது, கடன்காரரின் பங்கு எது?

இனி, நம் ஊர்ப் பாக்கிகளில் மூன்றைப் பெயர் சொல்லிப் பேசிவிடுகிறேன். கசப்பாக இருக்கும்.

முதலாவது, மஹர். நிக்காஹ் தஃப்தரில் மஹரை எழுதிவிட்டு, கையில் கொடுத்தது கொஞ்சம், மீதி பாக்கி என்று கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்? அதற்குப் பிறகு அந்த ஏட்டை யாரும் திறப்பதில்லை. கணவன் இறந்த பிறகுதான் ஞாபகம் வரும். இத்தா உட்காரப் போகும் அந்தப் பெண்ணை மய்யித்தின் அருகே அழைத்துவந்து, நான்கு பேர் சுற்றி நின்று, மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்மா என்பார்கள். அவள் அழுதுகொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் இல்லை என்றா சொல்வாள்? பெண்கள் மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது உங்களுக்கு ஆகும் என்கிறது நிஸா சூராவின் 4ஆவது வசனம். கண்ணீரில் வாங்கிய மன்னிப்பில் மன விருப்பம் எங்கே இருக்கிறது? கல்யாணத்துக்கு மண்டபம், வீடியோ, ஐந்து வகைச் சாப்பாடு எல்லாம் ரொக்கம். மனைவியின் ஹக் மட்டும் பாக்கி. மஹர் பாக்கி உள்ளவர்கள் இன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேளுங்கள், எவ்வளவு என்று. அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது, சகோதரியின் பங்கு. “நல்லா சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவளுக்கு இதுல என்ன இருக்குது” என்று பேசுகிறோம். சீர் நீங்கள் பாசத்தில் செய்தது. வாரிசுப் பங்கு அல்லாஹ் எழுதியது. பாசத்தில் கொடுத்ததைக் கடனில் கழித்துக்கொள்ள உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? அத்தா இறந்து பத்து வருடமாகக் கடை வாடகையை அண்ணன் தம்பிகள் மட்டும் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால், பத்து வருட வாடகையில் சகோதரியின் பங்கும் பாக்கிதான். அவள் கேட்காமல் இருப்பது பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமோ என்ற பயத்தில். மௌனத்தைச் சம்மதமாக எழுதாதீர்கள்.

மூன்றாவது, கூலி. இது நம் கொங்கு மண்டலத்தின் உயிர்நாடி. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் கூலிக்குத்தான் நெய்கிறார்கள். பாவும் நூலும் ஒருவருடையது, தறியும் உழைப்பும் இன்னொருவருடையது. பேசி ஒத்துக்கொண்ட கூலி கைக்கு வராத பிரச்சினையில் 2022 தொடக்கத்தில் அந்தத் தறிகள் வாரக்கணக்கில் நின்றதைப் பார்த்தோம். திருப்பூரில் தையல் யூனிட் நடத்தும் சின்னவரைக் கேளுங்கள். ஜாப் ஒர்க் பில் எத்தனை மாதம் தொங்குகிறது என்று சொல்வார். சிறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு 45 நாள். மார்க்கத்தில் கூலியாளின் வியர்வை காய்வதற்குள். ஒருவனை வேலைக்கு வைத்து முழு வேலையும் வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறுவதாக ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. அந்த வழக்கில் எந்த வக்கீலை வைப்போம்?

நல்ல முன்மாதிரியும் ஹதீஸில் உண்டு. குகையில் பாறை அடைத்துச் சிக்கிய மூன்று பேர் சம்பவம் உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் முதலாளி. கூலியாள் ஒருவன் தன் கூலியை வாங்காமலே போய்விட்டான். கொஞ்சம் தானியம்தான். முதலாளி அதை விதைத்தார், பெருக்கினார், அது மாடுகளும் மேய்ப்பனுமாக ஆயிற்று. காலம் கழித்து அவன் வந்து, அல்லாஹ்வைப் பயந்து என் கூலியைக் கொடு என்றான். அந்த மாடுகளையும் மேய்ப்பனையும் ஓட்டிக்கொண்டு போ என்றார். என்னைக் கேலி செய்யாதே என்றான் அவன். கேலி இல்லை, எல்லாம் உன்னுடையதுதான் என்றார். அந்த அமலைச் சொல்லி துஆ கேட்டபோது பாறை நகர்ந்தது. ஒருவரின் பாக்கி நம் கையில் இருக்கும் காலத்தில் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

சொல்லின் மறுபக்கத்துக்கு இப்போது வரலாம். இதுவரை பேசியது பிறருக்கு நாம் வைத்த பாக்கி. நமக்கு என்ன பாக்கி?

திர்மிதியில் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. வீட்டில் ஓர் ஆட்டை அறுத்தார்கள். பங்கு வைத்துக் கொடுத்தார்கள். நபி (ஸல்) வந்து, அதில் என்ன பாக்கி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு சப்பை மட்டும்தான் பாக்கி என்றார்கள் ஆயிஷா (ரலி). நபி (ஸல்) அவர்களோ, அந்தச் சப்பையைத் தவிர மற்ற எல்லாமே பாக்கிதான் என்றார்கள். ஹதீஸின் அரபி வாசகத்தில் நம் கடைச்சொல்லின் வேரே இருக்கிறது. வீட்டில் இருப்பது சாப்பிட்டுத் தீரும். கொடுத்துவிட்டது நிற்கும். உங்கள் கணக்குப்பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் தலையைச் சொறிவார்.

கஹ்ஃபு சூராவின் 46ஆவது வசனமும் இதே கருத்தில் வருகிறது. பணமும் பிள்ளைகளும் இந்த உலகத்தின் அலங்காரம்; நிலைத்து நிற்கும் நல்லமல்களே உம் இறைவனிடம் நற்கூலியில் மேலானவை. அந்த நிலைத்து நிற்கும் நல்லமல்களுக்கு அல்லாஹ் சூட்டிய பெயர் “அல்பாகியாத்துஸ் ஸாலிஹாத்”. வெள்ளிக்கிழமை தோறும் கஹ்ஃபு ஓதுகிறோம், அந்த வார்த்தையைக் கடந்துதான் போகிறோம். 19ஆம் நூற்றாண்டில் வேலூரில் அஃலா ஹழ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் மதரஸா ஆரம்பித்தபோது அந்தப் பெயரையே வைத்தார்கள். அங்கே ஸனது வாங்கியவர்கள் “பாகவி” ஆனார்கள். நோட்டீஸில் மௌலவிமார்கள் பெயருக்குப் பின்னால் பாகவி என்று பார்த்துவிட்டு, இது குடும்பப் பெயரா என்று மாற்றுமதச் சகோதரர் ஒருவர் கேட்டால் சொல்லுங்கள், உங்கள் பேரேட்டில் இருக்கும் பாக்கியும் இந்தப் பாகவியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று. குர்ஆனைத் தமிழில் முழுமையாகத் தந்த அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்களின் பெயரிலும் அதே சொல்தான். அவர்களின் தர்ஜமாவைத் திறந்து நம் பாட்டிமார்கள் ஓதிய காலம் முதல் இன்று வரை அது அவர்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.

அப்துல் பாகீ என்று பெயர் வைத்த பிள்ளையைத் தெருவில் “டேய் பாக்கி” என்று கூப்பிடுகிறார்கள். அல்பாகீ அல்லாஹ்வின் திருநாமம். அழகான பெயரை முழுசாகக் கூப்பிடுங்கள். துருக்கியில் உஸ்மானியர் காலத்துக் கப்ருக் கற்களில் தலைப்பில் “ஹுவல் பாகீ” என்று செதுக்கியிருப்பார்கள். அவன் ஒருவனே நிலைத்திருப்பவன் என்று. கீழே இறந்தவரின் பெயர் இருக்கும்.

சில மஸ்அலாக்களைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சென்ற வாரம் சிலர் கேட்டிருந்தார்கள்.

நான் தர வேண்டியவர் இறந்துவிட்டார் என்றால்? கடன் தீர்ந்துவிடவில்லை. அவருடைய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். வெட்கமாக இருந்தால் நம்பகமான ஒருவர் மூலம் கொடுத்தனுப்புங்கள். ஏன், எதற்கு என்று விளக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் அத்தாவுக்குச் சேர வேண்டிய பணம் என்றால் போதும்.

ஆளே தெரியவில்லை, ஊர் மாறிப் போய்விட்டார், தேடியும் கிடைக்கவில்லை என்றால்? நன்றாகத் தேடிய பிறகு அவர் பெயரால் ஸதகா செய்துவிடுங்கள். பின்னால் அவரோ வாரிசோ வந்து கேட்டால் கொடுக்க வேண்டும். அப்போது அந்த ஸதகா உங்கள் கணக்குக்கு வந்துவிடும். இருபது வருடத்துக்கு முன்னால் கூலி பாக்கியோடு ஊருக்குப் போன வடமாநிலத்துத் தொழிலாளி விஷயத்திலும் இதே சட்டம்தான். அவர் முஸ்லிமா இல்லையா என்ற பேச்சே இதில் கிடையாது.

எழுதி வைப்பது எப்படி? பகரா 282ஆவது வசனம், குர்ஆனிலேயே நீளமானது, கடனை எழுதுவது பற்றித்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். யாருக்கு, எவ்வளவு, எப்போது வாங்கியது. மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ அந்த நோட்டு இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். செல்போனில் எழுதிப் பூட்டி வைத்திருந்தால், பூட்டைத் திறக்கும் எண் வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். இல்லாவிட்டால் நாளை உங்கள் மகன் ஜனாஸாவில் நின்று எதை வைத்து அறிவிப்பான்?

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. முன் ஸஃபில் இன்னும் நாலைந்து பேருக்கு இடம் பாக்கி இருக்கிறது. வெயிலில் நிற்பவர்கள் உள்ளே வாருங்கள்.